ஐந்து வரை எண்ணச் சொன்னேன்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காகச் சீரியல் கம்யூனிகேஷன் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி ஆபீஸில் கேட்டார்கள். பி.எல்.சி.யையும் செர்வோ டிரைவையும் எப்படி இணைப்பது, என்ன வேகம் வைப்பது, எந்தக் கம்பி எந்த முனைக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் டிரைவோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை என்னைவிட வேகமாக நீங்கள் படித்துவிடுவீர்கள். ஆகவே நான் செய்த ஒரு தவறைப் பற்றி எழுதுகிறேன். ஆபீஸில் இதை இப்போது உங்கள் டீமை நடத்தும் கவிதாவிடம் மட்டும்தான் முன்பு சொல்லியிருக்கிறேன். அவர் ஏன் அதில் வருகிறார் என்பதையும் சொல்கிறேன்.

சென்னிமலையிலிருந்து பெருந்துறை போகும் ரோட்டில், தென்னந்தோப்பை ஒட்டி துரைசாமி என்பவருடைய ஷெட் இருந்தது. பெட்ஷீட் யூனிட். தறியிலிருந்து சுருளாக வரும் துணியை ஒரே அளவாக வெட்டித் தரும் மெஷின் ஒன்றை அவருக்கு நாங்கள் செய்து கொடுத்தோம். இரண்டு ரப்பர் உருளைகள் துணியைக் கவ்வி ஒரு பெட்ஷீட் நீளத்துக்கு இழுத்து நிற்கும். கத்தி குறுக்கே ஓடி வெட்டும். மறுபடி உருளை இழுக்கும். உருளையைச் சுழற்றும் மோட்டாரை ஓட்டுவது டிரைவ். 'இழு' என்று டிரைவுக்குச் சொல்வது, மெஷினின் மூளையான பி.எல்.சி. இரண்டுக்கும் நடுவே பேச்சு நடப்பது சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு சீரியல் கேபிளில். 'இழு' என்று போகும், 'சரி' என்று பதில் வரும். பதில் வராவிட்டால் மெஷின் நின்று, திரையில் சிவப்பாக எரர் காட்டும்.

மெஷினை ஓட்டிக் காட்டப் போன முதல் நாளே நான்கு முறை சிவப்பு வந்தது. காரணம் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தச் சின்னக் கேபிளை மோட்டாருக்கும் கம்ப்ரஸருக்கும் போகும் பவர் கேபிள்களோடு ஒரே பாதையில் இழுத்திருந்தோம். ஷெட்டின் மூலையிலிருந்த பெரிய கம்ப்ரஸர் கிளம்பும்போதெல்லாம் சில விநாடிகளுக்கு அந்தக் கேபிளில் போகிற பேச்சு கலைந்து போனது. கேபிளை இழுத்தது எங்கள் ஆட்கள், பார்த்துச் சரி என்று சொன்னவன் நான். கேபிளைத் தனிப் பாதையில் மாற்ற வேண்டும் என்றால் மெஷினின் பக்கத் தகடுகளைக் கழற்ற வேண்டும். இரண்டு நாள் வேலை.

துரைசாமிக்குத் திங்கட்கிழமை லாரி வருகிறது. எனக்குப் பொள்ளாச்சியில் ஒரு நார்த் தொழிற்சாலை காத்திருக்கிறது. அன்று வெள்ளிக்கிழமை. நான் மடிக்கணினியைத் திறந்து புரோகிராமில் ஒரு சின்னத் துண்டு சேர்த்தேன். பதில் வராவிட்டால் எரர் காட்டாதே. மூன்று விநாடி பொறுத்து 'இழு' என்பதை மறுபடி அனுப்பு. அதற்கும் பதில் இல்லையென்றால் இன்னொரு மூன்று விநாடி. இப்படி மூன்று முறை. கம்ப்ரஸர் அடங்குவதற்கு அந்த ஒன்பது விநாடி போதும்.

சிவப்பு அதன்பிறகு வரவேயில்லை. சனிக்கிழமை முழுக்க மெஷின் ஓடியது. துரைசாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களாலதானுங்க லாரி நேரத்துக்குப் போகுது" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. கேபிளைப் பிறகு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று டைரியில் எழுதி வைத்தேன். எழுதி வைத்ததோடு சரி.

மெஷினை ஓட்டுவதற்கு ருக்குமணி என்பவரை நிறுத்தியிருந்தார்கள். நாற்பதை ஒட்டிய வயது. அதற்கு முன் விசைத்தறியில் பதினைந்து வருடம் நின்றவர். அதிகம் பேச மாட்டார். நான் சொல்லிக் கொடுப்பதைத் திரும்பச் செய்து காட்டுவார், ஒரு முறைதான் சொல்ல வேண்டியிருக்கும். துணியில் சுருக்கம் விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டார். சிவப்பு அவசர பட்டனை அழுத்தினால் மெஷினை முதலிலிருந்து கிளப்ப வேண்டும், ஒரு துணியும் வீணாகும். அதனால் திரையில் இருக்கும் 'நிறுத்தம்' என்பதைத் தொட்டுவிட்டுச் சுருக்கத்தை எடுத்தால் போதும் என்று சொல்லிக் கொடுத்தேன். உருளைக்கு முன்னால் ஒரு மூடி போட வேண்டும் என்று டிராயிங்கில் இருந்தது. சுருக்கம் எடுக்க இடைஞ்சல் என்று துரைசாமி கேட்டுக்கொண்டதால் அதையும் விட்டுவிட்டோம்.

'நிறுத்தம்' தொட்டால் பி.எல்.சி. புதிதாக 'இழு' என்று சொல்லாது. அது சரியாகத்தான் எழுதப்பட்டிருந்தது. ஆனால் நான் அவசரத்தில் சேர்த்த துண்டு புரோகிராமின் வேறொரு மூலையில் இருந்தது. ஏற்கெனவே சொல்லிப் பதில் வராத 'இழு' ஒன்று கையிலிருந்தால், அது 'நிறுத்தம்' தொடப்பட்டதா என்று பார்க்காமல் மூன்று விநாடிக்கு ஒரு முறை அதை அனுப்பிக்கொண்டே இருக்கும். திரையில் நிறுத்தம் என்று இருக்கும். உருளையும் அசையாமல் நிற்கும். ஆனால் உள்ளே ஒரு கட்டளை காத்துக்கொண்டிருக்கும்.

இரண்டு மாதம் கழித்து ருக்குமணி எனக்குப் போன் செய்தார். நான் அப்போது பொள்ளாச்சியில், நார்த் தூசிக்கு நடுவே வேறொரு பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"ஏனுங் சார், நிறுத்தி வெச்ச பொறவும் மிஷின் ஒருக்கா இழுத்துப்போடுதுங்க," என்றார். "இந்த மாசத்துல ரண்டு தடவை. அந்தக் காத்து மிஷின் கெளம்பறப்பத்தான் அப்படிப் பண்ணுதாட்ட இருக்குதுங்க."

காத்து மிஷின் என்று அவர் சொன்னது கம்ப்ரஸரை. கவனியுங்கள். அவர் படித்த படிப்பு எட்டாம் வகுப்பு. என்ன நடக்கிறது, எப்போது நடக்கிறது என்று இரண்டையும் என் கையில் கொடுத்துவிட்டார். இனி நான் செய்ய வேண்டியிருந்தது பஸ் ஏறுவது மட்டும்தான். நான் சேர்த்த அந்தத் துண்டு ஒரு கணம் நினைவுக்கு வரவும் செய்தது. வராமலே இருந்திருந்தால் இன்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். வந்தது. பக்கத்தில் நின்ற நார்த் தொழிற்சாலை மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அந்த நினைப்பைத் தள்ளிவிட்டேன்.

"நீங்க தொடறதும் மிஷின் இழுக்கறதும் ஒரே நேரமா இருந்திருக்கும்மா," என்று சொன்னேன். "தொட்டதும் கைய வெக்காதீங்க. அஞ்சு வரைக்கும் எண்ணிட்டு அப்புறம் வெய்யுங்க."

"செரிங்க," என்று போனை வைத்துவிட்டார்.

ஏன் ஐந்து? யோசித்துச் சொன்ன எண் அல்ல. வாயில் வந்தது. என் புரோகிராமில் இருந்தது ஒன்பது.

பன்னிரண்டு நாள் கழித்து துரைசாமி கூப்பிட்டார். உருளையில் ருக்குமணியின் இடது கை மாட்டிக்கொண்டது, ஈரோட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார். அவரே தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். மோதிர விரலை எடுத்துவிட்டார்கள். நடுவிரல் மடங்காது என்று சொல்லிவிட்டார்களாம். நான் மறுநாள் காலையில் சென்னிமலைக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்கு முதலில் போயிருக்க வேண்டும். மெஷினிடம்தான் போனேன்.

ஷெட்டில் மெஷினை ஓட்டாமல் வைத்திருந்தார்கள். உருளையைத் துடைத்திருந்தார்கள். துரைசாமி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரவு முழுக்கத் தூங்காத முகம். ருக்குமணி 'நிறுத்தம்' தொடாமலே கையை விட்டிருக்க வேண்டும் என்று பக்கத்தில் வேலை செய்தவர்கள் சொல்கிறார்கள், நேரில் யாரும் பார்க்கவில்லை என்றார்.

"அது தொட்டேன்னுதான் சொல்லுதுங்க," என்றார். "அஞ்சு எண்ணிப்போட்டுத்தான் கைய வெச்சேன்னு வேற சொல்லுது. அஞ்சு எதுக்கு எண்ணோணும்? வலியில ஏதோ பேசுது, பாவம்."

அந்த ஷெட்டில் அந்த ஐந்துக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

மடிக்கணினியை இணைத்தேன். எத்தனை முறை பதில் வராமல் போயிருக்கிறது என்று பி.எல்.சி.க்குள் ஒரு எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும். அந்தச் சனிக்கிழமை அதைப் பார்த்துவிட்டுப் போயிருந்தால்கூடப் போதும். நூற்றுக்கணக்கில் இருந்தது. நடந்தது என்ன என்று எனக்கு முழுவதும் தெரிந்துவிட்டது. கம்ப்ரஸர் கிளம்பியிருக்கிறது. 'இழு' போய்ச் சேரவில்லை. உருளை சும்மா நிற்பதைப் பார்த்த ருக்குமணி, சுருக்கத்தை எடுக்க இதுதான் நேரம் என்று 'நிறுத்தம்' தொட்டு, நான் சொன்னபடி ஐந்து எண்ணி, கையை வைத்திருக்கிறார். ஒன்பதாவது விநாடியில் 'இழு' போய்ச் சேர்ந்திருக்கிறது.

துரைசாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங் சார், மிஷின்ல குறை ஏதாச்சும் இருக்குதுங்களா? இருந்தாச் சொல்லிப்போடுங்க. நான் சண்டைக்கெல்லாம் வர மாட்டேன்."

இவ்வளவு சுலபமாக உண்மையைச் சொல்லும் வாய்ப்பு எனக்கு அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை. மிரட்டவில்லை, கத்தவில்லை, கேட்டார். நெருக்கடியில் முடிவெடுப்பது பற்றி உங்களுக்கு வகுப்பெல்லாம் எடுப்பார்கள். நெருக்கடி பெரும்பாலும் ஒரு நல்ல மனிதர் மரியாதையாகக் கேட்கும் ஒரு கேள்வியாகத்தான் வரும்.

"மிஷின்ல ஒன்னுமில்லீங்க," என்றேன். "இருந்தாலும் கூடுதல் பாதுகாப்புக்குச் சிலதை மாத்திட்டுப் போறேன்."

எதற்குப் பயந்தேன் என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. எங்கள் முதலாளி திட்டியிருப்பார், அதோடு விட்டிருப்பார். என் கையைப் பிடித்துப் பாராட்டிய அந்த மனிதர் முன்னால் தப்பு செய்த இன்ஜினியராக நிற்பதற்குத்தான் பயந்தேன். அவ்வளவு அற்பமான பயம்.

இரண்டு நாள் அங்கேயே தங்கி எல்லாவற்றையும் செய்தேன். பக்கத் தகடுகளைக் கழற்றிச் சீரியல் கேபிளைத் தனிப் பாதையில் இழுத்தேன். மறுபடி அனுப்பும் துண்டை எடுத்தேன். 'நிறுத்தம்' தொட்டால் சீரியல் கேபிளை நம்பாமல் தனிக் கம்பி வழியாக டிரைவே மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும்படி செய்தேன். உருளைக்கு மூடி போட்டு, மூடி திறந்தால் மெஷின் நிற்கும்படி வைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை நேரமில்லை என்று நான் தள்ளிவிட்ட அதே இரண்டு நாள் வேலை. கிளம்பும்போது துரைசாமி நன்றி சொல்லி, தோப்பில் இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்தேன்.

அந்த மாதத்துக்குள் எங்கள் மற்ற மெஷின்கள் இருந்த இடங்களுக்கெல்லாம் போய் அந்தத் துண்டு இருந்தால் எடுத்தேன். ஆபீஸில் காரணம் கேட்டார்கள். புரோகிராமைச் சீராக்குகிறேன் என்றேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை போனேன். ருக்குமணி கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். நான் ஆரஞ்சுப் பழப் பையை வைத்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதன்பின் வருடங்கள் ஓடிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குத் தவறாமல் போகிறவன் நான். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் 'பொய் சொன்னேன்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். எந்தப் பொய் என்று சாமியார் கேட்டதில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், என் வேலைகளைக் கவிதாவிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். அவர் செய்து முடித்து அனுப்பத் தயாராக இருந்த ஒரு மெஷினின் புரோகிராமைத் திறந்து காட்டினார். பேப்பர் சுருளை இழுத்து வெட்டும் மெஷின். சீரியல் பகுதிக்கு வந்ததும் என் கண் நின்றுவிட்டது. பதில் வராவிட்டால் மூன்று விநாடி பொறுத்து மறுபடி அனுப்பு, மூன்று முறை. மேலே குறிப்பில் என் பெயரின் முதல் எழுத்துக்கூட அப்படியே இருந்தது.

"பழைய பேக்கப்ல இருந்து எடுத்தேன் சார். நீங்க எழுதினதுதான். அருமையா வேலை செய்யுது," என்றார் கவிதா.

மெஷின்களிலிருந்து அந்தத் துண்டை எடுத்தேனே ஒழிய, அது ஏன் ஆபத்து என்று ஆபீஸில் ஒருவருக்கும் நான் சொல்லியிருக்கவில்லை. சொல்லாததால் அது பழைய கோப்பு ஒன்றில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது. இன்னும் பத்து நாளில் வேறு யாருடைய கைக்கோ பக்கத்தில் போயிருக்கும்.

கதவைச் சாத்திவிட்டு கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் நான் ஏதோ பெரிய சுமையை இறக்கிவிட்டதுபோல நாற்காலியில் சாய்ந்தேன். அவர் திரையில் அந்த வரிகளை அழித்துக்கொண்டே கேட்டார்:

"அந்த அக்காகிட்டச் சொல்லிட்டீங்களா சார்?"

ஓய்வு பெற்ற மூன்றாம் நாள் ஈரோடு பஸ் ஏறி, பெருந்துறையில் மாறி, சென்னிமலை போனேன். ருக்குமணியின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். பக்கத்து வீட்டில் தறி ஓடும் சத்தத்தில் நான் கூப்பிட்டது அவருக்கு முதலில் கேட்கவில்லை. வாசலுக்கு வந்து, யாரென்று பார்த்து, "சேவியர் சாருங்களா? உள்ள வாங்க," என்றார். முடி நரைத்திருந்தது. ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். வலது கையில்தான் கொண்டுவந்தார்.

சொன்னேன். கேபிள், கம்ப்ரஸர், ஒன்பது விநாடி, துரைசாமியிடம் சொன்ன பொய். எதையும் சுருக்கவில்லை. அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியுமுங்க," என்றார் கடைசியில்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். கை ஆறிய பிறகு அவரை அதே ஷெட்டில் துணி மடிக்கும் மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் மெஷின் நேராகத் தெரியுமாம்.

"நீங்க ரண்டு நாள் இருந்து கம்பியெல்லாம் மாத்திப்போட்டுப் போனீங்கல்லங்க? அதுக்கப்பறம் அது ஒருக்காக்கூடத் தானா இழுக்கலீங்க. காத்து மிஷின் கெளம்பறப்பெல்லாம் நான் பாத்துட்டேதான் இருந்தேன். அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா ஆருங்க நம்புவாங்க? இன்ஜினியரே ஒன்னுமில்லைன்னுட்டாரே."

பிறகு அவர் சொன்னதுதான் நான் கொஞ்சமும் எதிர்பாராதது. ஷெட்டில் மெஷினுக்குப் புது ஆள் வரும்போதெல்லாம் முதல் பாடம் அவர்தானாம். ருக்குமணி மாதிரி அவசரப்பட்டுக் கையை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லித்தான் மெஷினை ஒப்படைப்பார்களாம். அவர் அங்கேயே நின்று துணி மடித்துக்கொண்டிருக்கும்போதே சொல்வார்களாம். போன வருடம் வேலையிலிருந்து நின்றுகொண்டாராம்.

"என்கிட்டச் சொல்லி என்னாகுதுங்க சார்? எனக்குத் தெரிஞ்சதுதான். மொதலாளிகிட்டச் சொல்லுங்க. நானும் வாரேன்."

சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் நடந்தே போனோம். துரைசாமிக்கு இப்போது வயதாகிவிட்டது, பார்வையும் மங்கல். என் குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். ருக்குமணி நின்றுகொண்டிருக்க, நானும் உட்காராமல் சொன்னேன். துரைசாமி கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். என் பக்கம் திரும்பவே இல்லை.

"அம்மணி, இத்தனை வருசமா நான் உன்னையல்லோ குத்தம் சொல்லிட்டிருந்தேன்," என்றார் ருக்குமணியிடம்.

டீ நேரமாகியிருந்தது. எல்லோரையும் கூப்பிடச் சொல்லி, மெஷினுக்குப் பக்கத்தில் நின்று துரைசாமி பேசினார். ருக்குமணி 'நிறுத்தம்' தொட்டுவிட்டுத்தான் கையை வைத்தார், தப்பு மெஷினில் இருந்தது, அதைச் செய்தவரே வந்து ஒப்புக்கொண்டார், இனிமேல் யாரும் இங்கே வேறு மாதிரி பேசக் கூடாது என்றார். நான் தலை குனிந்து நின்றேன்.

இருபது பேர் இருப்பார்கள். ருக்குமணியோடு அந்த நாளில் வேலை செய்தவர்கள் இரண்டே பேர்தான் மிச்சம். மற்றவர்களில் பாதிக்கு மேல் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது. சூப்பர்வைசர் தெரிந்த இந்தியில் ஏதோ சொன்னார். அவர்கள் ருக்குமணியின் கையை ஒரு முறை பார்த்தார்கள். டீ டம்ளரோடு அவரவர் இடத்துக்குப் போனார்கள். யாரிடம் அவர் பெயர் கெட்டிருந்ததோ அவர்களில் பெரும்பாலோர் அங்கே இல்லை. கல்யாணமாகிப் போனவர்கள், திருப்பூருக்கு மாறியவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள். அவர்கள் மனதில் ருக்குமணி இன்னமும் அவசரக்காரிதான். அதைத் திருத்த எனக்கு இப்போது வழியில்லை.

மெஷின் ஓட்டுகிற ஆள் உங்களுக்குப் போன் செய்து, மெஷின் தானாக நகர்ந்தது என்று சொன்னால், அவர் தவறாகப் பார்த்திருப்பார் என்பதற்கு உங்கள் மனதில் உடனே நான்கு காரணம் தோன்றும். படித்தவர்களுக்குத் தோன்றத்தான் செய்யும். அந்த நான்கையும் அங்கே போகும் பஸ்ஸில் யோசித்துக்கொள்ளுங்கள். தப்பு செய்துவிட்டால் அன்றைக்கே சொல்லுங்கள், அதைக் கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் இருக்கும்போதே.

திரும்பும்போது ருக்குமணி என்னோடு பஸ் ஸ்டாப் வரை வந்தார். வேண்டாம் என்று சொல்லியும் வந்தார். மன்னித்துவிடுங்கள் என்று ரோட்டோரத்தில் நின்று சொன்னேன். அவர் வேறு எதையோ பேசுவதுபோல ஆரம்பித்தார்.

"எங்க ஊட்டுக்காரரு தவறி மூணு வருசமாச்சுங்க. நான் அவசரப்பட்டுத்தான் கைய உட்டுட்டேன்னு கடைசி வரைக்கும் நெனச்சுட்டு இருந்தாரு. கோவமெல்லாம் இல்லீங்க. தோசைக்கல்லத் தூக்குனாக்கூட, மெதுவா புள்ள, மெதுவாம்பாரு. அந்த மனுசங்கிட்டச் சொல்லியிருந்தீங்கன்னா நல்லாருந்திருக்குமுங்க."

பெருந்துறை பஸ் வளைவில் திரும்பியது. எனக்காகக் கையை நீட்டி அதை நிறுத்தியதும் அவர்தான்.